சீட்டு இல்லாமல் மாத்திரை கேட்டால்?

இரவு பத்து மணி. மெடிக்கல் ஷாப்பின் ஷட்டர் பாதி இறங்கிவிட்டது. சின்ன வயதிலிருந்து பழகிய பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்கிறார். "ஏம்மா, போன தடவ டாக்டர் எழுதிக் குடுத்தாரே அந்த ஆன்டிபயாடிக், அதுல ரெண்டு மாத்திரை மட்டும் குடு. காலைல ஆஸ்பத்திரிக்குப் போயிக்கிடுதேன்." கையில் சீட்டு இல்லை. கடையில் இருக்கும் மருந்தாளுநர் நீங்கள். என்ன செய்வீர்கள்?

ஃபார்மசி படிப்புக்கான நேர்காணல்களில் இந்த மாதிரிக் கேள்வி அடிக்கடி வரும். "கொடுக்க மாட்டேன்" என்பது பாதி பதில்தான். மீதிப் பாதியைக் கேட்கத்தான் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் காத்திருக்கிறார்கள். காய்ச்சல் எத்தனை நாளாக என்று விசாரித்தீர்களா? மூச்சு வாங்குகிறதா, சர்க்கரை நோய் உண்டா? போன முறை தந்த மாத்திரைகளை அவர் முழுக்கச் சாப்பிட்டாரா, பாதியில் நிறுத்தினாரா? இந்த நேரத்திலும் எந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு திறந்திருக்கும் என்று சொன்னீர்களா? மருந்து கிடைக்காமல் திரும்புகிற மனிதர் அவமானப்படாமல் திரும்பினாரா? சட்டம் தெரிந்தவரா என்பதை எழுத்துத் தேர்விலேயே பார்த்துவிடலாம். ஆளிடம் பேசத் தெரிந்தவரா என்று பார்க்கத்தான் நேர்காணல்.

அமெரிக்காவில் ஃபார்ம்.டி. படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பின் 2016ஆம் ஆண்டு விதிகள், மாணவர் சேர்க்கையில் நேர்காணல் இடம்பெற வேண்டும் என்றன. பல ஆண்டுகள் நடந்துவந்த பிகேட் என்ற நுழைவுத் தேர்வு 2024 தொடக்கத்தோடு அங்கே நின்றுவிட்டது. பிரிட்டனின் எம்.ஃபார்ம் படிப்புக்கும் விண்ணப்பதாரரோடு பேசிப் பார்த்துத்தான் இடம் தருகிறார்கள். இந்த நாடுகளின் கல்லூரிகள் பலவற்றில் இப்போது நடப்பது, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் மருத்துவ மாணவர்களைத் தேர்ந்தெடுக்க உருவாக்கி, 2004இல் உலகுக்கு அறிவித்த முறை. ஒரே குழுவின் முன் அரை மணி நேரம் உட்கார வேண்டியதில்லை. வரிசையாகச் சில அறைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் வேறொரு தேர்வாளர், வேறொரு சிக்கல், சில நிமிடங்கள். ஓர் அறையில் நாக்கு குழறினாலும் அடுத்த அறையில் இருப்பவருக்கு அது தெரியாது. பதற்றக்காரர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் ஓர் அறையில் நடந்ததை வாசலிலேயே விட்டுவிட்டு அடுத்த கதவைத் திறக்கும் பழக்கம் வேண்டும். அது பயிற்சி இல்லாமல் வராது.

மும்பையில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு பி.ஃபார்ம் சேர நினைக்கும் பிள்ளைக்கு நேர்காணல் கிடையாது. மகாராஷ்டிர அரசின் எம்.ஹெச்.டி.-சி.இ.டி. என்ற கணினித் தேர்வின் மதிப்பெண், அதன்பின் மையக் கலந்தாய்வு, அவ்வளவுதான். டி.ஃபார்முக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். இதைத் தெரிந்துகொள்ளாமல், கல்லூரியில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள் என்று பயந்து விண்ணப்பத்தையே தள்ளிப்போடும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பயம் தேவையில்லை.

நேர்காணல் பின்னால் வருகிறது. மொஹாலியில் உள்ள நைப்பர் நிறுவனத்தில் எம்.பி.ஏ. ஃபார்ம் படிக்கக் குழு விவாதமும் நேர்காணலும் உண்டு. பிஎச்.டி.க்குப் பல்கலைக்கழகம் தானே நுழைவுத் தேர்வு நடத்தினால், எழுத்துத் தேர்வுக்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் எடை தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. வெளிநாட்டுக் கல்லூரி என்றால் கணினித் திரையின் முன் நேர்காணல். தாராவியிலும் செம்பூரிலும் ஒற்றை அறை வீட்டில் நாலு பேர் இருக்க, குக்கர் விசில் கேட்க, அந்தத் திரையின் முன் உட்கார வேண்டியிருக்கும். முன்கூட்டியே கேட்டு வைத்தால் பள்ளியோ நூலகமோ தெரிந்தவர் அலுவலகமோ ஓர் அமைதியான அறை தரும். கேட்க வெட்கப்படக் கூடாது.

"ஏன் ஃபார்மசி?" எந்த நேர்காணலிலும் இந்தக் கேள்வி தப்பாது. "மக்களுக்குச் சேவை செய்ய ஆசை" என்று நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்வார்கள். கேட்பவர் காதில் அது ஏறாது. தாராவியில் வளர்ந்த ஒருவரிடம் அதைவிடக் கனமான பதில் இருக்கிறது, பெரும்பாலும் அவருக்கே அது தெரியாது.

மாஹிமில் உள்ள ஹிந்துஜா மருத்துவமனையின் நுரையீரல் மருத்துவர் ஜரீர் உத்வாடியாவும் அவருடைய சகாக்களும் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தாராவியில் தனியாக மருத்துவம் பார்க்கும் 106 பேரிடம் காசநோய்க்கு ஒரு சீட்டு எழுதித் தரச் சொன்னார்கள். 63 விதமான மருந்துக் கலவைகள் வந்தன. சரியாக எழுதியவர்கள் 6 பேர். அதே தாராவியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஆய்வில் 100 மருத்துவர்கள் 80 விதமாக எழுதியிருந்தார்கள். 2011 டிசம்பரில் அதே உத்வாடியா குழு, சோதித்த எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோய் 4 பேருக்கு இருப்பதாக மும்பையிலிருந்து எழுதியது. உலகமே திரும்பிப் பார்த்தது. 2014 மார்ச் 1 முதல் இந்திய மருந்து விதிகளில் ஹெச்-1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. காசநோய் மருந்துகளையும் குறிப்பிட்ட சில ஆன்டிபயாடிக்குகளையும் விற்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எழுத வேண்டியவர் மருந்துக் கடைக்காரர்.

பத்து மணிக்கு வந்து ரெண்டு மாத்திரை கேட்கும் அண்ணாச்சியை ஏன் கேள்வி கேட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பதற்கு இந்த வரலாறே விடை. ஒரு தவறான சீட்டைத் தடுத்து நிறுத்தக்கூடிய கடைசி ஆள் மருந்தாளுநர். தன் தெருவில் நடந்ததை இப்படி ஆண்டும் எண்ணிக்கையுமாகச் சொல்லத் தெரிந்த மாணவியைத் தேர்வுக்குழு மறக்காது. மனப்பாடம் செய்த வாக்கியம் பயத்தில் மறந்துபோகும். தெருவில் பார்த்தது மறக்காது, பார்த்ததைச் சொல்லும்போது குரலும் நடுங்குவதில்லை.

பிறகு மொழி. மும்பைத் தமிழ் வீடுகளில் பிள்ளைகளைப் பயமுறுத்துவது பாடம் அல்ல, ஆங்கிலம். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் தொடங்கி, பாதியில் ஆங்கில வழிக்கு மாறி, நண்பர்களோடு இந்தியும் அரசு அலுவலகத்தில் மராத்தியும் பேசி வளர்ந்தவர்கள், "எனக்கு எந்த மொழியும் முழுசா வராது" என்று தங்களைத் தாங்களே தாழ்த்திக்கொள்கிறார்கள். உண்மையில் இவர்கள் பத்து வயதிலிருந்தே மருந்தாளுநர் வேலையில் ஒரு பங்கைச் செய்துவருகிறார்கள். சயான் ஆஸ்பத்திரியில் இந்தியில் சொன்னதைப் பாட்டிக்குத் தமிழில் சொன்னது யார்? சீட்டில் ஓ.டி. என்றால் ஒரு வேளை, பி.டி. என்றால் இரு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மாத்திரை அட்டையின் மேல் பேனாவால் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தது யார்?

இந்திய ஃபார்மசி கவுன்சில் கொண்டுவந்த 2015ஆம் ஆண்டின் ஃபார்மசி தொழில் விதிகள் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் கடமை என்கின்றன. மருந்தின் பெயர், எப்படிச் சாப்பிடுவது, என்ன பக்கவிளைவு வரலாம், ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது, எங்கே வைப்பது எல்லாம் அதில் வரும். இதை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல ஆள் வேண்டும். நாலு மொழியில் சொல்லத் தெரிந்தவர் அதைக் குறையாகக் கருதித் தலைகுனிவது நியாயமில்லை. "என் பாட்டிக்கு இன்சுலினை ஃபிரிட்ஜில் எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று நான்தான் தமிழில் சொல்லிக் கொடுத்தேன்; உறைபனி அறையில் வைத்தால் அது கெட்டுவிடும்." இதை எளிய ஆங்கிலத்தில், இலக்கணம் கொஞ்சம் தடுமாறினாலும், தயங்காமல் சொன்னால் போதும்.

சரி, அந்தப் படபடப்பு எங்கிருந்து வருகிறது? ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993இல் மூன்று ஆய்வாளர்கள் மனிதரைச் செயற்கையாகப் பதற்றப்பட வைக்க ஒரு சோதனையை வகுத்தார்கள். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது பாம்பையோ உயரத்தையோ அல்ல, ஒரு வேலை நேர்காணலை. பத்து நிமிடம் தயாரிப்பு, ஐந்து நிமிடம் தன்னைப் பற்றிப் பேச்சு, அடுத்த ஐந்து நிமிடம் 1,022இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துச் சொல்ல வேண்டும். எதிரே இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள், தலையாட்ட மாட்டார்கள். எச்சிலில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இரண்டு முதல் நான்கு மடங்கு ஏறியது. இன்றுவரை உலகெங்கும் ஆய்வகங்கள் இதே சோதனையைப் பயன்படுத்துகின்றன. ஆக, நேர்காணலில் நடுங்குவது கோழைத்தனம் இல்லை. மனித உடல் அப்படித்தான் செய்யும்.

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. தேர்வாளர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டால் பதில் தப்பு என்று அர்த்தமில்லை. எல்லாருக்கும் ஒரே நீதி கிடைக்க வேண்டும் என்பதற்காகவே பல இடங்களில் அவர்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

அதே ட்ரியர் ஆய்வுக் குழு 1995இல் 20 ஆண்களை ஐந்து நாள் தொடர்ந்து இந்தச் சோதனைக்கு உட்படுத்தியது. பெரும்பாலோருக்கு இரண்டாம் நாளிலிருந்தே கார்ட்டிசால் ஏற்றம் வெகுவாகக் குறைந்தது. சிலருக்கு மட்டும் ஐந்து நாளும் ஏறிக்கொண்டே இருந்தது. நேர்காணலுக்குத் தயாராகும் பிள்ளைகள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய. கண்ணாடி முன் பேசிப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் கண்ணாடி யாரையும் எடைபோடாது. முன்பின் தெரியாத இருவர், சிரிக்காமல், குறுக்கே கேள்வி கேட்டு, நேரம் பார்த்து நிறுத்தச் சொல்ல வேண்டும். வீட்டில் அப்பாவும் சித்தியும் உட்கார்ந்தால் இரக்கப்பட்டுவிடுவார்கள். பள்ளி ஆசிரியர், தெரிந்த மெடிக்கல் ஷாப் உரிமையாளர், வங்கியில் வேலை பார்க்கும் பக்கத்து மாடிக்காரர் என்று கொஞ்சம் அந்நியமானவர்களைப் பிடிக்க வேண்டும். மாதுங்காவில், செம்பூரில் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கும் பஞ்சமே இல்லை. மாலையில் கோயில் வாசலில் பேசிக்கொண்டிருக்கும் பெரியவர்களில் பலர் எத்தனையோ தேர்வுக்குழுக்களில் உட்கார்ந்தவர்கள். கேட்டால் மறுக்க மாட்டார்கள், கண்டிப்பாகத் திட்டுவார்கள். அதுதான் வேண்டும்.

ஐந்து ஒத்திகைக்குப் பிறகும் இதயம் தாளம் போடுகிறவர்களுக்கு ஹார்வர்டின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் ஒரு வழி சொன்னார். பாட்டு, மேடைப்பேச்சு, கணக்கு என்று மூன்றுக்கும் முன்னால், "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று தனக்குச் சொல்லிக்கொண்டவர்களைவிட, "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். அட்ரினலின் ஏறிய உடலை அமைதியாகு என்று அதட்டுவது கடினம். ஏறிய வேகத்தை ஆர்வம் என்று எடுத்துக்கொள்வது எளிது. இதோடு மெதுவாக மூச்சை வெளிவிடும் பயிற்சியும் உதவும். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். அப்போது இதயத் துடிப்பு தணிகிறது. காத்திருக்கும் நாற்காலியில் யாருக்கும் தெரியாமல் செய்யலாம்.

இங்கே ஒரு மருந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ப்ராப்ரனலால். ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக் நெஞ்சுவலிக்காரர்களின் இதயப் பளுவைக் குறைக்க 1960களில் உருவாக்கியது. 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அட்ரினலின் இதயத்தைத் தட்டும் இடத்தை இது அடைத்துவிடும், அதனால் துடிப்பும் கை நடுக்கமும் குறையும். மேடை ஏறும் இசைக்கலைஞர்கள் சிலர் இதைச் சாப்பிடுவது பழைய செய்தி. மாணவர்களும் "பரீட்சைக்கு முன்னால ஒண்ணு போட்டுக்கோ" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லக் கூடாது. இதே மாத்திரை மூச்சுக்குழாயையும் சுருக்கும், ஆஸ்துமாக்காரர்களுக்கு உயிராபத்து. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை தாழ்ந்ததை அறிவிக்கும் படபடப்பையே மறைத்துவிடும். இந்தியாவில் இது ஹெச் அட்டவணை மருந்து, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஃபார்மசி நேர்காணலுக்குப் போகிறவர் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கிவிட்டுப் போவது, அந்தத் தொழிலின் முதல் விதியை வாசலிலேயே மீறுவதாகும். பயம் தாங்க முடியாத அளவு போனால், தூக்கமே பல நாள் கெட்டால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். காபி விஷயத்திலும் அதே கட்டுப்பாடு வேண்டும். தினமும் குடிக்கும் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி குடிக்கலாம். அன்றைக்கென்று இரண்டாவது மூன்றாவது டம்ளர் வேண்டாம்.

"ஏன் இந்தக் கல்லூரி?" என்றால், "வீட்டுக்குப் பக்கம்" என்பது நேர்மையான பதில், போதாத பதில். மாதுங்காவின் வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம் 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கியது. சென்னையில் பிறந்த சாயவேதியியலாளர் கே. வெங்கட்ராமன் 1938இல் அதன் முதல் இந்திய இயக்குநர் ஆனார். கலினாவில் இருக்கும் பம்பாய் ஃபார்மசி கல்லூரியை 1957இல் தொடங்கியது மருந்தாளுநர்களின் சங்கமே. செம்பூரில் விவேகானந்தா கல்விச் சங்கத்தின் ஃபார்மசி கல்லூரி இருக்கிறது. போக நினைக்கும் இடத்தில் யார் எந்த ஆராய்ச்சி செய்கிறார், அது எந்த நோய்க்கு உதவும் என்று ஒரு மாலை உட்கார்ந்து படித்தால் பேசுவதற்கு விஷயம் கிடைத்துவிடும். தெரியாத கேள்வி வந்தால், "எனக்குத் தெரியாது, ஆனால் இப்படி யோசித்துப் பார்ப்பேன்" என்று சொல்லலாம். மருந்துக் கடையில் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்பவர் ஆபத்தானவர் என்பது தேர்வாளர்களுக்கு நன்றாகவே தெரியும்.

நேர்காணல் இல்லாத பி.ஃபார்ம் சேர்க்கையில்கூடக் குடும்பத்தை அலறவைக்கும் ஒரு நாள் உண்டு: சான்றிதழ் சரிபார்ப்பு. தமிழ்நாட்டில் எடுத்த சாதிச் சான்றிதழை நம்பி வருகிறவர்கள் அங்கே இடிந்துபோகிறார்கள். ஒரு மாநிலத்தின் பட்டியலில் இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்த இடஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே மும்பையின் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட, ஆந்திராவில் பிறந்த ஒரு மாணவருடையது. தாராவியில் இரண்டு மூன்று தலைமுறையாக உழைத்த ஆதிதிராவிடக் குடும்பங்களுக்கு இது இன்றும் வலிக்கிற சட்டம். மாற வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் மாறும்வரை, எந்தப் பிரிவில் விண்ணப்பிக்க முடியும், எந்தப் பழைய ஆவணம் தேவை என்று பதினொன்றாம் வகுப்பிலேயே விசாரித்துவிட வேண்டும். ரேஷன் அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், குடியிருப்புச் சான்று எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்ப் பெயர்களின் முன்னெழுத்தை அப்பா பெயராகவும் குடும்பப் பெயராகவும் மாற்றி மாற்றி எழுதி வைத்திருப்பார்கள்.

சேர்க்கைக் காலமும் மழைக்காலமும் ஒன்றாகவே வருகின்றன. சயானிலும் குர்லாவிலும் தண்டவாளம் மூழ்கினால் மத்திய ரயில் நின்றுவிடும், கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்கினால் பஸ்ஸும் ஓடாது. இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் வைத்து, மாற்றுச் சட்டை ஒன்றையும் எடுத்துப் போவது பயத்தில் பாதியைக் குறைத்துவிடும்.

கடைசியில் தேர்வாளர்கள், "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். இல்லை என்று எழுந்துவிடக் கூடாது. மாணவர்களுக்கு எந்த மருத்துவமனையில் பயிற்சி, நோயாளிகளோடு நேரில் பேச எந்த ஆண்டிலிருந்து விடுவார்கள், படித்தவர்களில் எத்தனை பேர் மருத்துவமனையிலும் எத்தனை பேர் மருந்துத் தொழிற்சாலையிலும் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். கட்டணத்தையும் உதவித்தொகையையும் பற்றி அலுவலகத்தில் தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கல்லூரியின் படிப்புக்கு இந்திய ஃபார்மசி கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன்பே கவுன்சிலின் பட்டியலில் பார்த்துவிட வேண்டும். அங்கீகாரம் இல்லாத இடத்தில் நாலு ஆண்டு படித்தாலும் மருந்தாளுநராகப் பதிவு செய்ய முடியாது.